சோடியம் எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள்: நீரேறிய கோபால்ட் ஆக்சைடு மீக்கடத்தி பற்றி

ஈரோட்டில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டது: "சார், தண்ணி ஏத்தின சோடியம் கோபால்ட் ஆக்சைடு சூப்பர்கண்டக்டர் பத்தி செமினார் எடுக்கோணுங்க. ஒரு கட்டுரையில சோடியம் அளவுதான் டிசியை முடிவு பண்ணுதுன்னு இருக்குதுங்க. இன்னொண்ணுல அது இல்லை, கோபால்ட்டோட ஆக்சிஜனேற்ற எண்தான்னு இருக்குதுங்க. ரெண்டுல எதுங்க சரி? அதுக்குள்ள தண்ணிக்கு என்னங்க வேலை? நம்ம காலேஜ் லேப்புல இதைச் செஞ்சு பாக்க முடியுங்களா?"

தம்பி, ரெண்டும் அரைகுறையாகத்தான் சரி. அந்தக் கட்டுரைகள் முரண்படுவதற்குக் காரணம் இயற்பியல் அல்ல, பகுப்பாய்வு வேதியியல். பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று முழுதாக எண்ணி முடிக்கும் முன்பே வரைபடம் போட்டுவிட்டார்கள். எண்ணி முடித்ததும் படம் மாறியது.

முதலில் பொருள். 2003-இல் ஜப்பானின் சுகுபாவில் உள்ள தேசியப் பொருளறிவியல் நிறுவனத்தில் தகாடா, சகுராய், சசாகி முதலானோர் கொண்ட குழு 'நேச்சர்' இதழில் அறிவித்தது. ஒரு கோபால்ட்டுக்கு 0.35 சோடியம், 2 ஆக்சிஜன், 1.3 நீர் மூலக்கூறு. மாறுநிலை வெப்பநிலை (நீங்கள் சொன்ன டிசி; இதற்குக் கீழேதான் மின்தடை மறைந்து பொருள் மீக்கடத்தியாகும்) ஏறத்தாழ 5 கெல்வின். திரவ ஹீலியம் கொதிப்பதே 4.2 கெல்வினில்தான் என்பதால், பயன்பாட்டுக்கு இது உதவாது. ஆனாலும் அடுத்த இரண்டு மூன்று வருடம் உலகம் முழுக்க இதன் மேல் விழுந்தார்கள். தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளில் தாமிர அணுக்கள் சதுரக் கட்டத்தில் இருக்கும். இங்கே கோபால்ட் அணுக்கள் முக்கோணக் கட்டத்தில் இருக்கின்றன. கோபால்ட் 4+ அயனிக்கு ஜோடி சேராத ஓர் எலக்ட்ரான் உண்டு; 3+ அயனிக்கு இந்த அமைப்பில் அப்படி எதுவும் இல்லை. பக்கத்து பக்கத்து காந்தச் சுழல்கள் (ஜோடி சேராத எலக்ட்ரான்கள் என்ற குட்டிக் காந்தங்கள்) எதிரெதிராக நிற்க விரும்பினால், சதுரத்தில் அது நடக்கும். முக்கோணத்தில் மூன்றாவது ஆளுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவரோடு சண்டைதான். இந்த முட்டுக்கட்டையிலிருந்து எலக்ட்ரான் ஜோடிகள் பிறக்கலாம் என்ற கோட்பாட்டை இந்தப் பொருளுக்கு உடனே எழுதியவர்களில் ஒருவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன். அவருடைய கட்டுரையும் 2003-தான். செமினாரில் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி தயாரிப்பு. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும்.

சோடியம் கார்பனேட்டையும் கோபால்ட் ஆக்சைடையும் அரைத்துக் கலந்து உலையில் வைத்தால் சோடியம் எண் (ஒரு கோபால்ட்டுக்கு எத்தனை சோடியம் என்பது) 0.7 உள்ள கரும்பொடி கிடைக்கும். (சூட்டில் சோடியம் ஆவியாகிப் போகும், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே போடுவார்கள்.) வெப்பத்தை மின்னழுத்தமாக மாற்றும் திறனுக்காக 1997-லேயே தெராசாகி குழு பிரபலமாக்கிய அதே குடும்பம்தான் இது. அடுத்து அந்தப் பொடியை அசிட்டோநைட்ரைலில் கரைத்த புரோமினில் ஊற விடுவார்கள். புரோமின் கோபால்ட்டிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும்; மின்சுமைக் கணக்கைச் சரிசெய்யச் சோடியம் அயனி அடுக்கிடையிலிருந்து வெளியேறும். சோடியம் எண் 0.7-லிருந்து 0.4-க்கும் கீழே இறங்கும். கடைசியில் தண்ணீரில் அலசுவார்கள். அந்த அலசலில்தான் நீர் அடுக்குகளுக்கு இடையே புகுந்து பொருளை உப்ப வைக்கிறது. அந்த அலசலில்தான் குழப்பமும் புகுந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

உப்பும் அளவைப் பாருங்கள். நீர் இல்லாதபோது ஒரு கோபால்ட் அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 5.5 ஆங்ஸ்ட்ராம். நீர் ஓரடுக்காகப் புகுந்தால் 6.9. இரண்டு அடுக்காகப் புகுந்தால் 9.8. எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ்-கதிரைச் சிதறவிட்டு அடுக்கு இடைவெளியை அளக்கும்) கருவியில் தாமிரக் கதிர் வைத்து எடுத்தால் முதல் உச்சி நீரற்றதற்கு 16 டிகிரியை ஒட்டியும், ஓரடுக்கு நீருக்கு 12.8-லும், ஈரடுக்கு நீருக்கு 9-லும் வரும். மூன்றும் தனித்தனியாக, சந்தேகமில்லாமல் தெரியும். இந்தத் துறையில் இவ்வளவு சுலபமாகக் கண்ணுக்குத் தெரியும் விஷயம் வேறில்லை.

இதில் ஈரடுக்கு நீர் உள்ளது மட்டும் மீக்கடத்தி. ஓரடுக்கு நீர் உள்ளது இல்லை. நீரற்றதும் இல்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் காவாவின் குழு 2003-இல் இதைத் தெளிவாகக் காட்டியது: சோடியம் அளவு கிட்டத்தட்ட மாறவில்லை; சூடும் காற்றின் ஈரப்பதமும் கொஞ்சம் மாறியதும் ஈரடுக்கு ஓரடுக்காகிறது; மீக்கடத்தலும் போய்விடுகிறது. அப்படியானால் எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்று மட்டும் காரணமாக இருக்க முடியாது. 6.9-க்கும் 9.8-க்கும் நடுவில் எங்கேயோ ஏதோ நடக்கிறது.

என்ன நடக்கிறது? அடுக்கிடையில் தங்கிவிட்ட நீர் எலக்ட்ரான் கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. அது செய்வது இடம் பிடிக்கும் வேலை. ஓரடுக்கு வடிவத்தில் சோடியமும் நீரும் ஒரே தளத்தில் இருக்கின்றன. சோடியம் அயனிகள் கோபால்ட் அடுக்கை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும். அவை ஒழுங்கில்லாமல் அங்கங்கே உட்கார்ந்திருப்பதால், அவற்றின் நேர்மின்சுமை கோபால்ட் அடுக்கில் ஓடும் எலக்ட்ரான்களுக்குக் குண்டும் குழியுமான சாலை மாதிரி ஆகிவிடுகிறது. ஈரடுக்கு வடிவத்தில் சோடியம் நடுவில். மேலே ஒரு நீர்த்தளம், கீழே ஒரு நீர்த்தளம். ஒவ்வொரு சோடியத்தையும் சுமார் நான்கு நீர் மூலக்கூறுகள் பிடித்துக்கொள்கின்றன. 0.34-ஐ நாலால் பெருக்கினால் 1.36, நீர் எண் ஏன் 1.3-ஐச் சுற்றியே வருகிறது என்பது இதிலேயே தெரிகிறது. நடுவில் நிற்கும் நீர், சோடியத்தின் மின்புலத்தை மழுங்கடிக்கிறது. அடுக்குகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி, எலக்ட்ரான்களைக் கிட்டத்தட்ட இருபரிமாணத்தில் ஓட வைக்கிறது. அழுத்தம் கொடுத்து அடுக்குகளை நெருக்கினால் மாறுநிலை வெப்பநிலை இறங்குகிறது என்பதும் இதற்குப் பொருந்துகிறது. இந்த இரண்டில் எது பெரிய காரணம், மழுங்கடிப்பதா விலக்குவதா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. என் மனசு மழுங்கடிப்பதன் பக்கம்தான் சாய்கிறது.

ஒரு சின்ன ஒப்பீடு இங்கே உதவும். டான்டலம் டைசல்பைடு போன்ற அடுக்குச் சல்பைடுகளிலும் கார உலோகத்தையும் நீரையும் ஏற்றலாம். அவையும் சில கெல்வினில் மீக்கடத்தும். ஆனால் டான்டலம் டைசல்பைடு ஒன்றும் ஏற்றாமலே, 1 கெல்வினுக்குக் கீழே, மீக்கடத்திதான். நம் கோபால்ட் ஆக்சைடோ நீர் ஏறாவிட்டால் மீக்கடத்தியே அல்ல. அதனால்தான் இதற்கு இவ்வளவு மவுசு.

இப்போது உங்கள் முதல் கேள்வி, சோடியமா கோபால்ட்டா.

2003-லேயே பிரின்ஸ்டன் குழு ஒரு வரைபடம் வெளியிட்டது. புரோமின் செறிவைக் கூட்டிக் குறைத்து வெவ்வேறு சோடியம் எண் உள்ள மாதிரிகள் செய்தார்கள். சோடியம் எண் 0.3 பக்கம் மாறுநிலை வெப்பநிலை உச்சத்தில், சுமார் 4.5 கெல்வின், கூடினாலும் குறைந்தாலும் இறங்குகிறது. தாமிர ஆக்சைடுகளில் பார்த்துப் பழகிய அதே கவிழ்த்த கிண்ண வடிவம். எல்லோருக்கும் பிடித்துப் போனது. சோடியம் எண் 0.35 என்றால் கோபால்ட்டின் ஆக்சிஜனேற்ற எண் நாலிலிருந்து 0.35 கழித்து 3.65. ஆக, 'கோபால்ட் 3.7-ஐ ஒட்டி இருக்கும்போது மீக்கடத்தல் உச்சம்' என்று எழுதிவிட்டார்கள்.

அந்தக் கழித்தலில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: அடுக்கிடையில் நேர்மின்சுமை உள்ளது சோடியம் மட்டும்தான் என்ற ஊகம். தண்ணீரில் அலசும்போது என்ன ஆகிறது? ஒன்று, சோடியம் அயனி வெளியே போய் அந்த இடத்தில் ஆக்சோனியம் அயனி, அதாவது ஒரு புரோட்டான் ஏறிய நீர், உட்காரலாம். சோடியம் குறையும், கோபால்ட்டின் எண் அசையாது. இரண்டு, புரோமினால் உயர்ந்த கோபால்ட் நீரிடமிருந்தே எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஆக்சிஜனை வெளியேற்றலாம். அப்போது பிறக்கும் புரோட்டான் ஆக்சோனியமாக உள்ளே போகும். சோடியம் அசையாது, கோபால்ட்டின் எண் இறங்கும். இரண்டிலும் சோடியத்தை மட்டும் அளந்தவருக்குத் தவறான கணக்குதான் கிடைக்கும்.

சுகுபா குழுவே 2004-இல் இதைப் பிடித்தது. கோபால்ட்டின் ஆக்சிஜனேற்ற எண்ணைச் சூத்திரத்திலிருந்து ஊகிக்காமல் ரெடாக்ஸ் டைட்ரேஷனில் நேராக அளந்தார்கள். 3.65 வரவேண்டிய இடத்தில் 3.4 வந்தது. ராமன் நிறமாலையில் ஆக்சோனியத்தின் தடயமும் கிடைத்தது. திருத்திய சூத்திரம் ஏறத்தாழ: சோடியம் 0.34, ஆக்சோனியம் 0.24, கோபால்ட் 1, ஆக்சிஜன் 2, நீர் 1.2. நாலிலிருந்து 0.34-ஐயும் 0.24-ஐயும் கழியுங்கள்: 3.42. டைட்ரேஷனோடு ஒத்துப்போகிறது. அதாவது, சோடியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலாக இன்னொரு நேர் அயனி உள்ளே இருந்திருக்கிறது. முதல் வருடம் யாரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. வேறு குழுக்களும் அளந்தார்கள். 3.3 முதல் 3.5 வரை வெவ்வேறு எண்கள் வந்தன, பழைய 3.65 திரும்பி வரவில்லை.

இந்த வித்தியாசம் சும்மா தசம விளையாட்டு அல்ல. 3.65 என்றால் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு 4+. 3.4 என்றால் 4+ பாதிக்கும் குறைவு. முக்கோணக் கட்டத்தில் எத்தனை சுழல்கள் நிற்கின்றன என்பதே மாறிவிடுகிறது. 3.65-ஐ வைத்து எழுதிய கோட்பாட்டுக் கட்டுரைகள் தவறான எலக்ட்ரான் எண்ணிக்கையில் கணக்குப் போட்டிருக்கக்கூடும். நீரற்ற பொருளில் சோடியம் எண் 0.5 இருக்கும்போது, அதாவது கோபால்ட் 3.5-இல், மின்சுமைகள் ஒழுங்காக வரிசைகட்டிக்கொண்டு பொருள் மின்கடத்தாப் பொருளாகிறது என்பதும் 2004-இல் தெரிந்தது. பழைய கணக்குப்படி அந்த இடத்தைத் தாண்டி 4+ அதிகமுள்ள பக்கம் நிற்க வேண்டிய மீக்கடத்தி, புதிய கணக்கில் அதற்கு மறுபக்கமாக, அதுவும் பக்கத்திலேயே, வந்து நிற்கிறது.

சரி, அப்போது கோபால்ட் எண்தான் ஒரே விடை என்று முடித்துவிடலாமா? அதுவும் இல்லை. சகுராய் குழு அடுத்துச் செய்த வேலைதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்தது. கோபால்ட் எண்ணை 3.40-இல் நிறுத்திவிட்டு, சோடியம்–ஆக்சோனியம் விகிதத்தை மட்டும் மாற்றினார்கள். அயனிப் பரிமாற்றத்தில் கோபால்ட் அசையாது என்று மேலே சொன்னேனே, அந்த வழியையே கருவியாக்கினார்கள். கிடைத்தது ஒற்றைக் கிண்ணம் அல்ல. ஒரு மீக்கடத்தும் பகுதி, நடுவில் மீக்கடத்தாத, காந்த ஒழுங்கு காட்டும் பகுதி, மறுபடியும் ஒரு மீக்கடத்தும் பகுதி. எலக்ட்ரான் எண்ணிக்கை எல்லாவற்றிலும் ஒன்றுதான்!

இதற்குச் சொல்லப்படும் விளக்கம் வடிவியல் சார்ந்தது. கோபால்ட்டைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் கொண்ட எண்முகி, அடுக்கின் செங்குத்துத் திசையில் அமுங்கியிருக்கிறது. அடுக்கிடையில் யார் எவ்வளவு இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த அமுக்கம் சற்றே மாறும். அமுக்கம் மாறினால் கோபால்ட்டின் டி-ஆர்பிட்டால்களின் ஆற்றல் இடைவெளியும் மாறும். மீக்கடத்தலும் காந்த ஒழுங்கும் மிக நெருங்கிய ஆற்றலில் இருப்பதால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை அந்தச் சிறு மாற்றம் முடிவு செய்கிறது. கோபால்ட் அணுக்கருவின் நாற்துருவ ஒத்ததிர்வு (ரேடியோ அலையில் அணுக்கரு ஒத்திசையும் அதிர்வெண்) இந்த அமுக்கத்தை உணரும் நல்ல அளவுகோல். மாதிரிகளை அந்த அதிர்வெண்ணின்படி அடுக்கினால், சோடியம் எண்ணின்படி அடுக்கியதைவிடப் படம் ஒழுங்காக வருகிறது. அடுக்குகள் குவியும் முறை மட்டும் வேறான, அலகுக்கு இரண்டுக்குப் பதில் மூன்று கோபால்ட் அடுக்கு கொண்ட வகையும் உண்டு. அதுவும் 4.5 கெல்வின் பக்கமே மீக்கடத்துகிறது. ஆக, குவியும் முறை பெரிய விஷயமில்லை. தனித்தனி அடுக்குக்குள் நடப்பதுதான் விஷயம்.

நீர் எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. திருத்திய சூத்திரத்தின் மோலார் நிறை ஏறத்தாழ 125. அதில் நீர் மட்டும் 17 சதவீதம். அலசி வடிகட்டிய பொடியில் துகள்களுக்கு இடையேயும் வெறும் தண்ணீர் தங்கும். ஈரோட்டு மண்டியில் எடையை மட்டும் பார்த்து எந்த வியாபாரியும் மஞ்சளுக்கு விலை சொல்லமாட்டார். விரலியை ஒடித்துப் பார்ப்பார். அந்தச் சந்தேகம் இங்கேயும் வேண்டும். டி.ஜி.ஏ.-வில் (சூடாக்கிக்கொண்டே எடை பார்க்கும் முறை) எடை இழப்பைப் பார்த்து 1.3, 1.4 என்று எழுதியிருந்தால், அதில் எவ்வளவு கட்டமைப்புக்குள் இருந்தது, எவ்வளவு வெளியே ஒட்டியிருந்தது, எவ்வளவு ஆக்சோனியத்திலிருந்து வந்தது என்று அந்த வளைகோடு தனியாகச் சொல்லாது. நீர் எண்ணின் இரண்டாவது தசமத்தை நான் பொருட்படுத்துவதே இல்லை.

இனி லேப் கேள்வி. செய்வது முடியும், வைத்திருப்பது கஷ்டம், மீக்கடத்தலை அளப்பது நம் ஊரில் நடக்காது.

புரோமினை அசிட்டோநைட்ரைலோடு கலப்பது விளையாட்டல்ல. நல்ல ஃப்யூம் ஹுட், கையுறை, கண்ணாடி, பக்கத்தில் தயோசல்பேட் கரைசல், கூடவே ஆசிரியர். இவை இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது நம்ம வெயில். இந்தப் பொருள் அறை வெப்பத்திலேயே, காற்று வறண்டிருந்தால், ஈரடுக்கிலிருந்து ஓரடுக்காக இறங்கிவிடும். ஈரோட்டில் ஏப்ரல் மதியம் 38, 40 டிகிரி. மேசை மேல் திறந்து வைத்துவிட்டு டீ குடித்து வந்தால் 9 டிகிரியில் இருந்த உச்சி தேய்ந்து 12.8-இல் முளைக்க ஆரம்பித்திருக்கும். மூடிய டெசிகேட்டரில், சிலிகா ஜெல்லுக்குப் பதிலாக, தெவிட்டிய உப்புக் கரைசல் வையுங்கள். சாதாரண உப்புக் கரைசல் மேலே உள்ள காற்றை 75 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்தும். பொட்டாசியம் சல்பேட் 97 பக்கம் நிறுத்தும். வெவ்வேறு உப்பில் ஒரே மாதிரியைப் பிரித்து வைத்து, எந்த ஈரப்பதத்தில் எந்த நீர்வடிவம் நிற்கிறது என்று எக்ஸ்.ஆர்.டி.யில் பார்ப்பதே ஒரு நல்ல எம்.எஸ்சி. புராஜெக்ட். திரவ ஹீலியம் எதுவும் தேவையில்லை. கல்லூரியில் எக்ஸ்.ஆர்.டி. இல்லாவிட்டாலும் கோவையில் கட்டணத்துக்கு எடுத்துத் தருவார்கள். முதல் உச்சி 9 டிகிரியில் என்பதால், 10 டிகிரியிலிருந்து ஓட்டாமல் 5-லிருந்து ஓட்டச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வழக்கமாகப் 10-லிருந்துதான் ஓட்டித் தருவார்கள்.

டைட்ரேஷன் முழுக்க உங்கள் கையில். எடை போட்ட மாதிரியைப் பொட்டாசியம் அயோடைடு உள்ள அமிலக் கரைசலில், காற்றை வெளியேற்றிய குடுவையில் கரையுங்கள். கோபால்ட் எல்லாம் 2+ ஆக இறங்கும். அதற்கு ஈடாக அயோடின் வெளிவரும். தயோசல்பேட் விட்டு, கடைசியில் ஸ்டார்ச் சேர்த்து, நீலம் போகும் புள்ளியைப் பிடியுங்கள். கோபால்ட் 2+ இளஞ்சிவப்பு என்பதால் முடிவில் குடுவை நிறமற்றுப் போகாது, லேசான ரோஸ் நிறத்தில் நிற்கும். அதைப் பார்த்து இன்னும் முடியவில்லை என்று தயோசல்பேட்டை விட்டுக்கொண்டே போகாதீர்கள். எடையில் நீர் எவ்வளவு என்று தெரியாத சிக்கலை, அதே கரைசலில் மொத்தக் கோபால்ட்டையும் தனியாக அளந்து விகிதமாக எடுத்துத் தாண்டலாம். சோடியத்துக்கு ஃபிளேம் போட்டோமீட்டர் போதும். சோடியம் எண், கோபால்ட் எண் இரண்டும் கையில் வந்ததும், நாலிலிருந்து இரண்டையும் கழித்து மிஞ்சுவதுதான் ஆக்சோனியம், ஆக்சிஜன் அடுக்கில் குறை இல்லை என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை ஸ்லைடில் எழுதிவிடுங்கள். நாள்பட்ட மாதிரிகளில் ஆக்சிஜன் குறைவதாகவும், அதனோடு மாறுநிலை வெப்பநிலை நகர்வதாகவும் 2005-இல் ஒரு குழு சொல்லியிருக்கிறது. யாராவது கேட்பார்கள்.

மீக்கடத்தலைப் பார்க்க 2 கெல்வின் வரை இறங்கும் காந்த அளவி வேண்டும். சென்னை ஐ.ஐ.டி., பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களுக்கு உங்கள் துறைத்தலைவர் மூலம் எழுதிக் கேளுங்கள். மாதிரியை இறுக்கமான சிறு குப்பியில், ஈரம் போகாமல் மூடி, குளிர்பெட்டியில் வைத்து அனுப்புங்கள். அனுப்பும் நாளின் எக்ஸ்.ஆர்.டி. ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் 9 டிகிரி உச்சி இல்லையென்றால் ஹீலியத்தை வீணாக்க வேண்டாம்னு அவர்களே சொல்லிவிடுவார்கள்.